ஊர் நத்தமும் சேரி நத்தமும்: கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர்ப் பெருமையை எங்கிருந்து படிப்பது?

கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் கும்பாபிஷேக மலரை எடுத்தாலும் பள்ளி ஆண்டு மலரை எடுத்தாலும் 'எங்கள் ஊர் வரலாறு' என்று ஒரு பக்கம் இருக்கும். இப்போது அதையே தம்பி தங்கைகள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள். மலையமான் ஆண்ட நடுநாடு, திருக்கோவிலூரில் கபிலர், ஜம்பையில் அதியமான் பெயர் பொறித்த கல்வெட்டு, தென்பெண்ணை, கோயில், ஏரி. அடுத்து வளர்ச்சி: ரோடு போட்டது, ஹைஸ்கூல் வந்தது, பேங்க் வந்தது, தாலுகா ஆபீஸ் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு, அதுவும் எழுதியவருக்கு மனசிருந்தால், ஒரு வரி வரும். ஊருக்கு வெளியே ஒரு காலனி இருக்கிறது என்று.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊர்ப் பெருமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிறந்த மண்ணின் மேல் நமக்கும் பிரியம் இருக்கிறது. ஆனால் 'எங்கள் ஊர்' என்ற சொல்லில் அந்தக் காலனி அடங்குகிறதா என்று கேட்காமல் ஊர் வரலாறு எழுத முடியாது. காலனி எப்படி வந்தது, எந்த ஆண்டு வந்தது, யார் மனு கொடுத்து வந்தது என்பதெல்லாம் மலையமான் கதையைவிடக் குறைந்த வரலாறும் இல்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழந்தமிழில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் பகுதி, அவ்வளவுதான். சோழர் காலப் பிரமதேய ஊர்களிலேகூட பிராமணர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சேரி என்றுதான் பெயர். அதே காலத்தில், முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி விதிக்கப்படாத நிலங்களின் பட்டியலில் ஊர் நத்தம் தனியாகவும் பறைச்சேரி தனியாகவும் வருகின்றன. கம்மாணச்சேரி வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. "பாருங்கள், பறைச்சேரிக்கும் வரிவிலக்கு கொடுத்தான் ராஜராஜன்" என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரி இல்லைதான். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும்கூட அந்தப் பட்டியலில் வரி இல்லை. விளையாத நிலத்துக்கு வரி எதற்கு? நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆவணத்தில் இரண்டு குடியிருப்பு, இரண்டு சுடுகாடு என்று கோடு விழுந்துவிட்டது. ஊர் என்ற சொல் அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கத்தின் சொத்தாகிவிட்டது. இன்றும் காலனியில் இருக்கும் நம் பாட்டி கடைக்குக் கிளம்பும்போது "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறாள்.

இப்போது குடிசைக்குக் கீழே இருந்த மண்ணுக்கு வருவோம். வரலாறு என்றால் அரசன் என்று பழகிய நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் மக்களைப் பொறுத்தவரை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் சேரி இருந்த மண் சேரி மக்களுடையது அல்ல. மிராசுதார் அல்லது பண்ணையார் நிலத்தில் குடிசை. அவர் நிலத்தில் குடியிருப்பதால் அவருக்கே வேலை செய்ய வேண்டும். வேறு இடத்தில் இரண்டு காசு அதிகம் கிடைக்கிறது என்று போனால், கூலி உயர்வு கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதோடு கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சின்னக் கடன் சேர்ந்துகொண்டால் தலைமுறைக்கும் படியாள்தான். குடியிருக்கும் இடம் சொந்தமில்லை என்பதே விலங்கு.

இதை அரசாங்கக் காகிதத்தில் விரிவாக எழுதிய ஒருவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர். 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அவர் கொடுத்த அறிக்கை, நிலமும் குடியிருப்பு மனையும் கல்வியும் இல்லாமல் இவர்கள் மீள முடியாது என்று சொன்னது. அவர் திடீரென்று ஞானோதயம் பெற்று எழுதிவிடவில்லை. அதற்கு முன்பே செங்கல்பட்டுப் பகுதியில் மிஷனரிகள் மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நம் மக்கள் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பம் போடுவதும், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று அது தள்ளப்படுவதும் நடந்துகொண்டிருந்தது. அந்த விண்ணப்பங்கள்தான் அறிக்கைக்கு அடியில் இருக்கின்றன. கலெக்டர் பெயரை நினைவில் வைத்திருக்கிறோம். விண்ணப்பம் போட்டவர்கள் பெயரை மறந்துவிட்டோம்.

வருவாய் வாரியம் தயங்கியது, மழுப்பியது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். வருவாய்ப் பதிவுகளில் 'டி.சி. நிலம்' என்று இருக்கும். இந்த நிலத்தைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனைகள் உண்டு. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாக நில மீட்பு இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் நம் கையில் இன்று எவ்வளவு இருக்கிறது என்பது உங்கள் ஊரிலேயே நீங்கள் எண்ணிப் பார்க்கக்கூடியது.

எப்படிப் போனது? பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் போராட்ட மேடைக்குச் சரி. மீட்பதற்கு அது போதாது. பஞ்சக் காலத்தில் நாலு மரக்கால் நெல்லுக்கு ரேகை வைத்து வாங்கியது ஒரு வகை. குத்தகை என்று எடுத்து அனுபோகம் காட்டியது ஒரு வகை. இரண்டுக்கும் கணக்குப்பிள்ளை தேவைப்பட்டான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழிக்கும் வரை, கர்ணம், மணியம் என்ற பதவிகள் குடும்பச் சொத்துப்போல் இருந்தன. ஊர்க் கணக்கு ஊர்த்தெருவில் ஒரு வீட்டு மரப்பெட்டியில் இருந்தது. சேரிக்காரன் தன் நிலத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ள அந்த வீட்டுத் திண்ணைக்கு வெளியே நிற்க வேண்டும். அதன் பிறகு, 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், நம் ஊரில் யு.டி.ஆர். என்று சொல்வார்களே அது. அன்றைக்கு யார் அனுபவித்தார்களோ அவர்கள் பேரில் பட்டா ஏறியது. பல இடங்களில் டி.சி. என்ற குறிப்பு புதிய ஏட்டுக்கு வரவே இல்லை. ஒரு எழுத்தர் ஒரு குறிப்பை விட்டுவிட்டு நகல் எடுத்தால் போதும், நூறு வருட நிபந்தனை காணாமல் போய்விடும்.

கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் காரணை சாட்சி. செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கி, அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்துத் திரண்டவர்கள்மேல் 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். வடமாவட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த எந்தத் தோழரிடம் பேசினாலும் இந்த இரண்டு பெயரும் வரும். இன்றைய மாணவர்களுக்குத் தெரிவதில்லை. அது நம் தவறு.

மனைக்குத் திரும்புவோம். 1920களில் சென்னை மாகாணத்தில் லேபர் டிபார்ட்மென்ட் என்று ஒரு துறை இயங்கியது. ஆதிதிராவிடர் நலத்துறையின் முன்னோடி அதுதான். மனைக்கு நிலம் கையகப்படுத்துவது, கிணறு வெட்டுவது, பள்ளி நடத்துவது அதன் வேலைகள். பல இடங்களில் மனையின் விலையை நம் மக்களே கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் கட்டித் தீர்த்தார்கள். இலவசமாக வாங்கியே பழக்கப்பட்டவர்கள் என்று நம்மைச் சொல்பவர்களுக்கு இந்தத் தவணைக் கணக்கைக் காட்ட வேண்டும். பிறகு கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1971இல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. 1978இல், நம் மக்களுக்கான திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டமே போட்டார்கள்.

காலனி என்பது இப்படி வந்த இடம். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது, வரவேற்கிறோம். அந்தச் சொல்லை வசவாக மாற்றியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பண்ணையார் மனையைவிட்டு வெளியேறி, சொந்தப் பட்டாவில், நேர்த்தெரு போட்டு வீடு கட்டிய நாளில் நம் தாத்தாக்களுக்குக் காலனி என்ற சொல் இழிவாக இருக்கவில்லை. "சேரிய விட்டு காலனிக்கு வந்துட்டோம்" என்று சொன்னவர்கள் அவர்கள். பெயரை மாற்றுங்கள். மாற்றும்போது அந்த மனை கிடைத்த ஆண்டையும், மனு கொடுத்தவர் பெயரையும் தெரு முனையில் ஒரு கல்லில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் புதுப் பெயரில் பழைய வரலாறு இல்லாத ஒரு தெருதான் மிஞ்சும்.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் ஆற்றுப் பாசனம் கொஞ்சம், ஏரியும் கிணறும்தான் அதிகம். ஏரியை வெட்டிய மன்னன் பெயர் கல்லில் இருக்கும். கரை உடையும்போது நடுராத்திரியில் மூங்கிலும் வைக்கோலும் மண்ணும் போட்டு அடைத்தவர்கள், மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவர்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். நீரைப் பங்கிட்டுக் கொடுத்தவன் கையில் தனக்கென்று ஒரு குழி நன்செய்கூட இருந்திருக்காது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் கட்டமாக வந்த ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. மறுபடியும் அதே ஏரி, அதே கைகள். ஆனால் இந்த முறை மஸ்டர் ரோலில் பெயர் இருந்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றிருந்தது. "நூறு நாள் வேலை வந்த பிறகு ஆளே கிடைப்பதில்லை" என்று ஊரில் புலம்பியதை எல்லோரும் கேட்டிருப்போம். கூப்பிட்ட கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். டிரெமென்ஹீர் எழுதிய அந்த விலங்கில் ஒரு கண்ணி அங்கே தளர்ந்தது.

கல்வியில் நம் தென்னாற்காட்டுக்குப் பெருமைப்பட ஒரு பெயர் உண்டு: சுவாமி சகஜானந்தர். ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்து சிதம்பரத்துக்கு வந்து, 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் நெருப்பில் இறங்கியதாகச் சொல்லப்படும் அதே ஊரில், அதே பெயரில் ஒரு பள்ளி. மாவட்டத்தின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். லேபர் ஸ்கூல்கள் பிறகு அரிசன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. 2023இல் அவற்றைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைக்கப்போவதாக அரசு சொன்னபோது நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. தனிப் பள்ளியே ஒதுக்கல்தான் என்றார்கள் சிலர். நிலமும் விடுதியும் பணியிடமும் கைவிட்டுப் போகும் என்றார்கள் சிலர். நாம் இரண்டாவது கருத்தின் பக்கம்தான் சாய்கிறோம். நூறு ஆண்டுகளில் சேர்த்த சொத்து அது. பெயர்ப்பலகை மாறும்போது சொத்துப் பட்டியல் என்ன ஆகிறது என்பதை யு.டி.ஆரில் பார்த்துவிட்டோம்.

அதிகாரத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் மக்கள் 34.58 லட்சம். அதில் பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கு மேல். இவ்வளவு பேர் இருந்தும், 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 பேர் கொல்லப்பட்டார்கள். எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பு தராது என்று அப்போது கற்றோம்.

1994 ஊராட்சிகள் சட்டத்துக்குப் பிறகு 1996இல் தேர்தல் நடந்து, தனி ஊராட்சிகளில் நம்மவர்கள் தலைவர்களானார்கள். மேலவளவில் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி பக்கம் 2006 வரை தேர்தலையே நடத்தவிடவில்லை. அதெல்லாம் மதுரைப் பக்கத்துக் கதை, நம் பக்கம் அப்படி இல்லை என்று பேசுவது விழுப்புரத்துக்காரர்களின் வழக்கம். 2021 மே மாதம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தலில், ஊரடங்கில் அனுமதியில்லாமல் திருவிழா நடத்திவிட்டார்கள் என்று நம் பெரியவர்கள் மூன்று பேரைப் பஞ்சாயத்தில் காலில் விழவைத்தார்கள். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நாம் போகக் கூடாதென்று நடந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் நம் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. ஊர்ப் பெருமைப் பக்கங்களில் முதலில் வருவது கோயில் என்பதால் இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

தலைவர் நாற்காலியில் உட்காரவிடுவதில்லை, கொடி ஏற்றவிடுவதில்லை என்ற புகார்கள் குவிந்து, 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது. கொடி கண்ணுக்குத் தெரியும், செய்தியாகும். செய்தியாகாத ஒன்று காசோலை. ஊராட்சிக் கணக்கில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. தலைவர் நம்மவராக இருக்கும் இடத்தில் துணைத் தலைவர் யாராக இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் நாலு மாதம் கையெழுத்துப் போடாமல் இருந்தால் தெருவிளக்கு எரியாது, மோட்டார் ரிப்பேர் ஆகாது, "இவனுங்களுக்கு நிர்வாகம் தெரியாது" என்று பேர் மட்டும் வரும். வளர்ச்சி தடைபடுவது இப்படித்தான், சத்தமே இல்லாமல்.

பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறப்புக் கூறுத் திட்டம் என்று மக்கள்தொகை விகிதத்துக்கு நிதி ஒதுக்குவது ஆறாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலிருந்து இருக்கிறது. 2023இல் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் நம் குடியிருப்புகளை மேம்படுத்த ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2024இல் ஆதிதிராவிடர் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்குச் சட்டமே வந்துவிட்டது. கேள்வி, அந்தப் பணத்தில் கட்டிய மேல்நிலைத் தொட்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பதுதான். நம் பெயரில் வந்த ரோடு எங்கே முடிகிறது? மயானப் பாதைக்கு ஒதுக்கியது மயானம் வரை போனதா? கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான ஏட்டில் கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் பக்கம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

கடைசியாக, கண்டாச்சிபுரம் வட்டாரத்து மாணவர்களிடம் ஒரு வேலை கொடுக்கிறோம். நம் பகுதி முன்பு தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தபோது திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போனது, கண்டாச்சிபுரம் இங்கேயே இருந்தது. பழைய ஏடுகள் மாவட்டத்துக்கு மாவட்டம், ஆபீசுக்கு ஆபீஸ் இடம் மாறும்போது காணாமல் போவது சுலபம். ஆகவே தாமதிக்க வேண்டாம். முதலில் உங்கள் தெருவில் வயதான பெண்களிடம் உட்காருங்கள். ஆண்கள் தேர்தலையும் தலைவர்களையும் சொல்வார்கள். எந்தக் கிணற்றில் எந்த வருஷம் முதன்முதலில் தண்ணீர் எடுத்தோம், யார் தடுத்தார்கள், எந்த நிலத்தில் யாருக்கு நடவு நட்டோம், காலனி மனைக்கு எத்தனை முறை மனு எழுதினோம் என்று பெண்கள் சொல்வார்கள். நிலத்தின் பட்டப்பெயரைக் கேளுங்கள். அதை வைத்துச் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த எண்ணுக்கு 'அ' பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு இரண்டின் நகலும் வேண்டும் என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் கண்டாச்சிபுரம் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை நாம் சேர்ந்து எழுதுவோம்.